மூணாவது இடம் வந்தும் ஆசியாவுக்குப் போக முடியாத டீம்: கொரியாவோட பட்டாளத்து ஃபுட்பால் கிளப் எப்படி இயங்குது

2024 சீசன் முடிஞ்சப்போ தென்கொரியாவோட கே லீக் 1 டேபிளைப் பாத்தவங்க பலருக்கு ஒண்ணு புரியல. உல்சான் முதல் இடம், காங்வோன் ரெண்டாவது, கிம்சோன் சாங்மு மூணாவது, எஃப்சி சோல் நாலாவது. ஆனா ஆசிய சாம்பியன்ஸ் லீக் எலீட்டுக்கு லீக்ல இருந்து போனது உல்சான், காங்வோன், சோல். நடுவுல இருந்த மூணாவது டீம் எங்க போச்சு? அபராதமோ தடையோ ஊழல் விசாரணையோ எதுவுமே இல்ல. அந்த டீம் எத்தனாவது இடத்துல முடிச்சாலும் ஆசியப் போட்டிக்குப் போக முடியாது, ஏன்னா அதுல ஆடுறவங்க எல்லாரும் கட்டாய ராணுவ சேவையில இருக்குற சிப்பாய்ங்க.

இந்த டீமைப் பத்தி செய்தியில வர்ற விநோதங்கள் இன்னும் நிறைய இருக்கு. நல்லா ஆடிட்டிருந்த ஸ்ட்ரைக்கர் சீசன் நடுவுல திடீர்னு காணாமப் போவாரு, நாலாவது இடத்துல முடிச்ச டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்கும், சில வருஷத்துக்கு ஒரு தடவை ஊரே மாறிடும். தனித்தனியா பாத்தா தலையும் புரியாது வாலும் புரியாது, ஆனா எல்லாத்துக்கும் வேர் ஒண்ணுதான். இங்க ஆடுற பிளேயர் யாருமே இந்த கிளப்புக்குச் சொந்தம் இல்ல.

முதல்ல அந்த சட்டம்

கொரியப் போர் 1953-ல சண்டை நிறுத்தத்தோட நின்னுச்சு, சமாதான ஒப்பந்தம் இன்னிக்கு வரைக்கும் கையெழுத்தாகல. அதனால தென்கொரியாவுல உடல் தகுதி உள்ள ஆம்பளைங்க எல்லாரும் பட்டாளத்துல சேவை செஞ்சே ஆகணும். தரைப்படையில இப்ப அது 18 மாசம், முன்னாடி 21 மாசமா இருந்துச்சு, அதுக்கும் முன்னாடி இன்னும் அதிகம். படிப்பு, வேலைன்னு காரணம் காட்டி தள்ளிப் போடலாம், ஆனா பெரும்பாலானவங்களுக்கு 28 வயசுதான் எல்லை.

ஒரு ஆபீஸ் வேலைக்காரருக்கு 18 மாசம் போறது கஷ்டம்தான், ஆனா திரும்பி வந்து பிடிச்சிக்கலாம். ஃபுட்பால் பிளேயருக்கு அப்படி இல்ல. 20-ல இருந்து 28 வரைக்கும்தான் உடம்பு உச்சத்துல இருக்குற காலம், ஐரோப்பா கிளப்புங்க ஆள் தேடுறதும் அந்த வயசுலதான். அந்த நேரத்துல பந்தைத் தொடாம காவல் பணி பாத்துட்டு ஒன்றரை வருஷம் கழிச்சு திரும்பி வந்தா அந்த கரியர் பாதியில நின்ன மாதிரிதான்.

சாங்முன்னா என்ன

இந்தப் பிரச்சனைக்கு கொரிய ராணுவம் கண்டுபிடிச்ச வழிதான் சாங்மு. போர்க்கலையைப் போற்றுறதுன்னு அர்த்தம் வர்ற பேரு. ராணுவத்தோட விளையாட்டுப் பிரிவு 1984-ல ஆரம்பிச்சது, ஃபுட்பால் மட்டும் இல்ல, பேஸ்பால், பாஸ்கெட்பால், வாலிபால்னு பல டீம் அதுக்குள்ள இருக்கு. 2013-ல இருந்து அந்தப் பிரிவோட முகாம் வடக்கு கியோங்சாங் மாகாணத்துல முன்கியோங்ல இருக்கு. பிளேயருங்க சிப்பாயாச் சேந்து, அடிப்படைப் பயிற்சி முடிச்சு, ராணுவச் சம்பளம் வாங்கிட்டு, முகாம்லயே தங்கி, வேலையா ஃபுட்பால் ஆடுவாங்க. எல்லா சிப்பாய்க்கும் இருக்குற மாதிரி படிப்படியா ரேங்க்கும் ஏறும். கோல் போட்டதும் சல்யூட் அடிக்கிறதை நீங்க பாத்திருந்தா அது ஸ்டைலுக்குன்னு கண்டுபிடிச்சது இல்ல, அவங்க நெஜமாவே சிப்பாய்ங்க.

இதுக்கு முன்கதை ஒண்ணு இருக்கு, அது சுவாரசியமானது. 1966 உலகக் கோப்பையில வடகொரியா இத்தாலியை 1-0-ன்னு தோற்கடிச்சு காலிறுதிக்குப் போச்சு. தென்கொரியா அந்த தகுதிச் சுற்றுல இருந்தே விலகியிருந்துச்சு. பக்கத்து எதிரி உலக மேடையில இப்படி ஜெயிச்சதைத் தாங்க முடியாம தென்கொரியாவோட உளவுத்துறையே 1967-ல யாங்ஜின்னு ஒரு ஃபுட்பால் கிளப் ஆரம்பிச்சது. நாட்டுல இருந்த நல்ல பிளேயருங்களை, ராணுவ டீமுங்கள்ல இருந்தவங்க உட்பட, ஒரே இடத்துல சேத்தாங்க, ஐரோப்பாவுக்கு நீண்ட பயிற்சி முகாமுக்கு அனுப்பினாங்க. அந்த யாங்ஜி டீம் 1969 ஆசிய கிளப் சாம்பியன்ஷிப் இறுதி வரைக்கும் போய் மக்காபி டெல் அவீவ் கிட்ட தோத்துச்சு, 1970-லயே கலைச்சிட்டாங்க. அன்னிக்கு உளவுத்துறை நடத்தின டீம் ஆசிய இறுதியில ஆடிச்சு, இன்னிக்கு அதே நாட்டோட பட்டாளத்து டீமுக்கு ஆசியாவுல நுழையவே அனுமதி இல்ல. நடுவுல மாறினது ஃபுட்பால் இல்ல, கிளப்புன்னா என்னங்கிற வரையறை.

ஒரு பிளேயர் உள்ள போறதும் வெளிய வர்றதும்

1. ஏற்கனவே ஏதோ ஒரு கே லீக் கிளப்ல ஒப்பந்தத்துல இருக்குற பிளேயர் சாங்முக்கு விண்ணப்பிப்பாரு. வயசு 27-ஐத் தாண்டியிருக்கக் கூடாது.

2. எல்லாருக்கும் இடம் கிடைக்காது. போட்டி கடுமையா இருக்கும், ஃபார்ம், உடல் தகுதி ரெண்டையும் பாத்துத்தான் எடுப்பாங்க. கிடைக்காதவங்க சாதாரண சிப்பாயாவோ, பகல்ல அரசு அலுவலகத்துல சமூக சேவைப் பணி பாத்துட்டு கீழ் லீக்ல ஆடுறவங்களாவோ காலத்தைத் தள்ளணும்.

3. தேர்வானவர் சேவை செய்யிற காலம் பூரா சாங்முக்கு ஆடுவாரு. பாக்க லோன் மாதிரி தெரியும், ஆனா லோன்ல ரெண்டு கிளப் பேசி முடிவு பண்ணும், தேவைப்பட்டா திருப்பிக் கூப்பிடலாம். இங்க தேதியை முடிவு பண்றது ராணுவம்.

4. சேவை முடியிற நாள் வந்தா அன்னிக்கு லீக்ல என்ன நெலமைன்னு யாரும் கேக்க மாட்டாங்க, அவரு பழைய கிளப்புக்குத் திரும்பிடுவாரு.

இதுல தாய் கிளப்புக்கு வர்ற இழப்பைச் சின்னதா நெனைக்க வேண்டாம். 2024 ஏப்ரல்ல உல்சானோட லீ டோங்-கியோங் கோல் கணக்குல லீக்லயே முன்னணியில இருந்தாரு, அந்த ஃபார்ம்ல இருக்கும்போதே பட்டாளத்துக்குப் போக வேண்டியதாச்சு. உல்சானுக்கு ஒரு பைசா டிரான்ஸ்ஃபர் பணம் கிடையாது, போட்டி டீமுக்கு ஒரு நட்சத்திரம் இலவசமாப் போய்ச் சேந்தாரு.

ஒரே காரணத்துல இருந்து வர்ற விளைவுகள்

பிளேயர் கிளப்புக்குச் சொந்தம் இல்லன்னு சொன்னேன் இல்லையா, அதுல இருந்து என்னென்ன வருதுன்னு பாப்போம்.

1. வெளிநாட்டு பிளேயர் கிடையாது. மத்த கொரிய கிளப்புங்க பிரேசில்ல இருந்தும் கிழக்கு ஐரோப்பாவுல இருந்தும் ஸ்ட்ரைக்கர் வாங்கி வைப்பாங்க, சாங்முல முழுக்க கொரியாக்காரங்கதான். இது பலவீனம் மாதிரி தெரியும், ஆனா திருப்பிப் பாத்தா நாட்டுல இருக்குற 20-லிருந்து 27 வயசு நல்ல பிளேயருங்கள்ல பலரு வரிசையா இங்க வந்துட்டே இருக்காங்க. 2019 யு-20 உலகக் கோப்பையில கொரியாவை இறுதிக்குக் கூட்டிட்டுப் போன கோச் ஜங் ஜங்-யோங் கையில இப்படி ஒரு கூட்டம் இருந்தப்போதான் 2024-ல மூணாவது இடம் வந்துச்சு.

2. டீம் ஒரே மாதிரி நிக்காது. இது ரசிகருக்கும் கோச்சுக்கும் பெரிய வேதனை. 18 மாசம்னா சுமாரா ஒன்றரை சீசன், அதனால ஒவ்வொரு வருஷமும் நடுவுல ஒரு செட் வெளிய போகும், புது செட் உள்ள வரும். 2022 இதுக்குத் தெளிவான உதாரணம். சோ கியு-சங் அந்த வருஷம் கிம்சோனுக்கு ஆடி 13 கோல் போட்டாரு, செப்டம்பர்ல சேவை முடிஞ்சு பழைய கிளப்பான ஜோன்பக் போய் இன்னும் நாலு சேத்து 17 கோலோட லீக் டாப் ஸ்கோரர் ஆனாரு, நவம்பர்ல கத்தார் உலகக் கோப்பையில கானாவுக்கு எதிரா தலையால ரெண்டு கோல். அவருக்கு அது கனவு வருஷம். அவரை இழந்த கிம்சோன் 11-வது இடத்துல முடிச்சு, பிளேஆஃப்ல தேஜோன் கிட்ட தோத்து ரெண்டாவது டிவிஷனுக்கு இறங்கிடுச்சு. 2023-ல ஜெயிச்சு மறுபடி மேல வந்தாங்க, மறு வருஷமே அந்த மூணாவது இடம். இந்த ஏற்ற இறக்கத்தை கோச்சோட திறமையை வச்சு மட்டும் விளக்கப் பாத்தா தப்பாப் போயிடும், எந்த செட் எப்ப வெளிய போச்சுன்னு காலண்டரையும் பக்கத்துல வச்சுக்கணும்.

3. சம்பளம். 2014 உலகக் கோப்பையில ரஷ்யாவுக்கு எதிரா கொரியாவுக்காக கோல் போட்ட லீ குன்-ஹோ அப்ப சாங்ஜு சாங்முல சார்ஜென்ட் (இப்ப கிம்சோன்ல இருக்குற இதே டீம் அப்ப சாங்ஜுங்கிற ஊர்ல இருந்துச்சு). ரெண்டு வருஷம் முன்னாடி ஆசியாவோட சிறந்த பிளேயர் விருது வாங்கினவரு அவரு. அந்த ரேங்க்குக்கு அன்னிக்கு மாசச் சம்பளம் 1,49,000 வோன், கிட்டத்தட்ட 145 டாலர். அவரு அடிச்ச பந்தைக் கையில இருந்து நழுவ விட்ட ரஷ்ய கோல்கீப்பர் அகின்ஃபியேவ் ஆடினது சிஎஸ்கேஏ மாஸ்கோவுக்கு, அந்தப் பேரோட விரிவே மத்திய ராணுவ விளையாட்டுக் கழகம்தான். இப்ப சிப்பாய்ங்க சம்பளத்தை கொரியா நல்லா ஏத்திடுச்சு, 2025-ல சார்ஜென்ட்டுக்கு மாசம் 15 லட்சம் வோன், ஆனாலும் புரொஃபஷனல் பிளேயர் வாங்குறதோட ஒப்பிட்டா அது கொஞ்சம்தான். இந்த இடைவெளியில ஆபத்தும் இருந்துச்சு. 2011-ல கே லீக்கை உலுக்கின மேட்ச் ஃபிக்ஸிங் விவகாரத்துல சாங்முக்கு ஆடினவங்களும் மாட்டினாங்க. புரொஃபஷனல் லீக்ல பாக்கெட் மணி வாங்குறவங்களை ஆட வச்சா சூதாட்டக்காரன் முதல்ல யார் கதவைத் தட்டுவான்னு யோசிக்கவே வேண்டாம். இதனால தப்பு பண்ணவங்க பண்ணது சரின்னு ஆயிடாது, ஆனா அப்படி ஒரு நெலமையை உருவாக்கினதுல அமைப்புக்கும் பங்கு இருக்கு.

4. ஆசியத் தடை. ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு பதில் இங்கதான் வருது. ஆசிய ஃபுட்பால் கூட்டமைப்பான ஏஎஃப்சி தன்னோட போட்டியில ஆடுற கிளப் சட்டப்படி தனி நிறுவனமா இருக்கணும், பிளேயருங்களோட புரொஃபஷனல் ஒப்பந்தம் போட்டிருக்கணும்னு எதிர்பாக்குது. சாங்மு ராணுவத்தோட ஒரு பிரிவு, அதுல ஆடுறவங்களுக்கு சாங்முவோட ஒப்பந்தமே கிடையாது. அதனால லைசென்ஸ் இல்ல, அடுத்த இடத்துல இருக்குற டீமுக்கு வாய்ப்பு நகந்துடும்.

இந்த நாலாவது விஷயம் 2012-ல பெரிய சண்டையாவே வெடிச்சது. கே லீக்ல அப்பதான் டிவிஷன் பிரிக்கிற முறை வந்துட்டிருந்துச்சு, சாங்ஜு சாங்மு புரொஃபஷனல் கிளப்புக்கான தகுதியில இல்லன்னு சொல்லி, டேபிள்ல எங்க முடிச்சாலும் கீழ் டிவிஷனுக்குத்தான்னு லீக் செப்டம்பர்ல முடிவு எடுத்துச்சு. சாங்மு தரப்பு கோவப்பட்டு மிச்சமிருந்த மேட்ச் எதுவும் ஆட மாட்டோம்னு வெளிய வந்துடுச்சு, ஒவ்வொண்ணும் 0-2 தோல்வின்னு பதிவாச்சு. அடுத்த வருஷம் புதுசா ஆரம்பிச்ச ரெண்டாவது டிவிஷனை அவங்களே ஜெயிச்சு, காங்வோனை பிளேஆஃப்ல தோற்கடிச்சு மேல வந்தாங்க. ஆடாம விலகினது சரின்னு சொல்ல மாட்டேன், டிக்கெட் வாங்கின ஜனங்களை அது ஏமாத்தின மாதிரிதான். ஆனா விதியை சீசன் நடுவுல போட்ட லீக் மேலயும் தப்பு இருக்கு.

விலக்கு: ஒரு மெடல் எல்லாத்தையும் மாத்தும்

ஒலிம்பிக்ல எந்த மெடல் வாங்கினாலும், ஆசிய விளையாட்டுல தங்கம் வாங்கினாலும் இந்த நீண்ட சேவையில இருந்து விலக்கு உண்டு. முழு விலக்குன்னு நெனைக்காதீங்க, சில வாரம் அடிப்படைப் பயிற்சியும் 544 மணி நேர சமூக சேவையும் செய்யணும். கொரியாவோட நட்சத்திர ஃபார்வர்ட் சோன் ஹியுங்-மின் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுத் தங்கத்தால இந்த வழியில வந்தவரு, 2020-ல ஜேஜு தீவுல மரைன் படை முகாம்ல மூணு வாரப் பயிற்சி முடிச்சாரு. 2002 உலகக் கோப்பையில அரையிறுதி வரை போன டீமுக்கு தனியா சலுகை குடுத்தாங்க, அந்த விதியை அப்புறம் எடுத்துட்டாங்க.

சாங்மு கதையில இது எப்படி வருதுன்னா, ஏற்கனவே சிப்பாயா இருக்குறவரும் தங்கம் வாங்கினா பாதியிலேயே வெளிய வரலாம். 2023 அக்டோபர்ல ஹாங்ஜோ ஆசிய விளையாட்டு இறுதியில ஜப்பானுக்கு எதிரா 2-1-ன்னு கொரியா ஜெயிச்சது, ரெண்டாவது கோல் போட்டது கிம்சோன் சாங்மு சிப்பாய் சோ யங்-உக். அந்த ஒரு கோல் அவரோட மிச்ச சேவையை முடிச்சு வச்சது, டீம்ல இருந்த மத்தவங்களோட 18 மாசத்தையும் காப்பாத்துச்சு. கொரியாவுல ஆசிய விளையாட்டு ஃபுட்பால் இறுதியை நாடே மூச்சைப் பிடிச்சுப் பாக்குறதுக்கு இதுதான் காரணம். எனக்கு இதுல உறுத்துறது ஒண்ணுதான், உலகக் கோப்பையில பிரமாதமா ஆடினவருக்குக் கிடைக்காத சலுகை பெரும்பாலும் 23 வயசுக்குட்பட்டவங்க ஆடுற ஒரு போட்டியோட தங்கத்துக்குக் கிடைக்குது.

போலீஸ் டீம் என்ன ஆச்சு

ராணுவத்துக்குப் பதிலா போலீஸ்ல கட்டாய சேவை செய்யிற வழியும் கொரியாவுல இருந்துச்சு, அதுக்கும் ஒரு ஃபுட்பால் டீம் இருந்துச்சு. 2014-ல இருந்து அன்சான்ல, 2017-ல இருந்து அசான்ல. 2016-ல அன்சான் போலீஸ் ரெண்டாவது டிவிஷனை ஜெயிச்சும் ஊர் மாறுறதால மேல போகல. 2018-ல அசான் முகுங்வாங்கிற பேருல அதே போலீஸ் டீம் மறுபடி ஜெயிச்சது, ஆனா அதுக்குள்ள கட்டாய போலீஸ் முறையையே படிப்படியா நிறுத்த அரசு முடிவு பண்ணி புது ஆள் எடுக்குறதையும் நிறுத்திட்டாங்க, ஆள் வராத டீம் எப்படி மேல் டிவிஷன்ல ஆடும்னு சொல்லி ரெண்டாவதா வந்த சோங்னாமை ஏத்திட்டாங்க. கொரிய மிட்ஃபீல்டர் ஹ்வாங் இன்-பொம் அந்த டீம்லதான் இருந்தாரு, 2018 தங்கத்தால சீக்கிரமே விடுதலை ஆனாரு. அந்த டீம் 2020-ல சுங்னாம் அசான்னு சாதாரண கிளப்பா மாறிடுச்சு.

மத்த நாட்டு ராணுவ கிளப்போட குழப்பிக்க வேண்டாம்

ராணுவப் பேரு வச்ச கிளப் உலகத்துல ஏகப்பட்டது. புடாபெஸ்ட்ல ஹோன்வெத், ப்ராக்ல டுக்லா, 1986-ல ஐரோப்பியக் கோப்பை ஜெயிச்ச ஸ்டெயாவா புகாரெஸ்ட், எல்லாம் ராணுவ அமைச்சகத்தோட கிளப்பா இருந்தவை. அங்கயும் கட்டாய சேவையைக் காட்டி நல்ல பிளேயரை இழுத்தாங்க, ஆனா வந்தவரை வருஷக்கணக்கா வச்சுக்கிட்டாங்க, ஹோன்வெத்ல ஆடின ஹங்கேரி நட்சத்திரம் புஷ்காஷுக்கு மேஜர் ரேங்க்கே குடுத்தாங்க. அவங்க நோக்கம் கோப்பை. சாங்முவோட நோக்கம் பிளேயரை வாடாம வச்சிருந்து திருப்பி அனுப்புறது.

நம்ம ஊர்ல சந்தோஷ் டிராஃபியில ஆடுற சர்வீசஸ் டீமும் வேற. இந்தியாவுல கட்டாய சேவை இல்ல, அதுல ஆடுறவங்க விரும்பிச் சேந்த படைவீரருங்க, அதுதான் அவங்க நிரந்தர வேலை. சிங்கப்பூர் கொஞ்சம் கிட்ட வரும், அங்க தமிழ்ப் பசங்க உட்பட எல்லா இளைஞருக்கும் ரெண்டு வருஷ தேசிய சேவை உண்டு, ஆயுதப்படைக்குன்னு எஸ்ஏஎஃப்எஃப்சிங்கிற கிளப்பும் ரொம்ப வருஷம் லீக்ல ஆடுச்சு. ஆனா வெளிநாட்டு கிளப்ல ஆடுறவருக்கு சேவையைத் தள்ளிப் போட அனுமதி கிடைக்கிறது அங்க ரொம்ப அரிது. 2018-ல ஃபுல்ஹாம்ல ஒப்பந்தம் போட்ட பென் டேவிஸுக்கு அரசு மறுத்துடுச்சு, பார்லிமென்ட் வரைக்கும் அது விவாதமாச்சு.

ஊருக்கு என்ன கிடைக்குது

இந்த ஏற்பாட்டுல பிளேயருக்கு லாபம், தேசிய அணிக்கு லாபம், ராணுவத்துக்கு நல்ல பேரு. ரசிகருக்கு என்னங்கிறதைத்தான் யாரும் சரியாப் பேசுறதில்ல.

ராணுவ முகாமுக்குன்னு சொந்த ஊர் ரசிகருங்க கிடையாது. அதனால ஒரு நகராட்சி ஸ்டேடியம் குடுத்து, செலவுல பங்கு எடுத்து, சாங்முவை தன் ஊர்ப் பேருல ஆட வைக்கும். இதுக்குப் பின்னாடி லீக்குக்கு ஒரு எதிர்பார்ப்பு உண்டு. சில வருஷம் இந்த டீமை வச்சு ஜனங்களை ஃபுட்பாலுக்குப் பழக்கு, அப்புறம் உன் சொந்த கிளப்பை ஆரம்பி, சாங்மு வேற ஊருக்குப் போகும், அங்க ரெண்டாவது டிவிஷன்ல இருந்து ஆரம்பிக்கும்.

குவாங்ஜு 2003-லிருந்து 2010 வரைக்கும் எட்டு சீசன் சாங்முவை வச்சிருந்துச்சு, குவாங்ஜு எஃப்சின்னு சொந்த கிளப் ஆரம்பிச்சு 2011-ல லீக்ல இறக்குச்சு. பணம் குறைவான கிளப்தான், ரெண்டு டிவிஷனுக்கும் நடுவுல ஏறி இறங்கிட்டே இருந்துச்சு. 2023-ல அதுவும் மூணாவது இடம் வந்துச்சு, அதுக்கு லைசென்ஸ் இருந்துச்சு, அதனால ஆசியாவுக்குப் போச்சு. 2025-ல ஆசிய சாம்பியன்ஸ் லீக் எலீட் காலிறுதி வரைக்கும் போய் சவுதியோட அல் ஹிலால் கிட்ட தோத்துச்சு.

சாங்ஜு 2011-லிருந்து 2020 வரைக்கும் பத்து சீசன் வச்சிருந்துச்சு. சொந்த கிளப் ஆரம்பிக்கப் போறதில்லன்னு 2020-ல நகராட்சி கைவிட்டுடுச்சு. அந்த வருஷம் டீம் நாலாவது இடத்துல முடிச்சது, அதுவரைக்கும் அவங்களோட சிறந்த இடம் அதுதான், இருந்தும் ஊர் மாறுறதால கீழ் டிவிஷனுக்குப் போச்சு. பத்து வருஷம் ஸ்டேடியத்துக்கு வந்து ஸ்கார்ஃப் போட்டு கத்தின சாங்ஜு ஜனங்களுக்கு இப்ப புரொஃபஷனல் டீமே கிடையாது.

2021-லிருந்து அதே டீம் பக்கத்துல இருக்குற கிம்சோன்ல ஆடுது. சுமார் ஒன்றரை லட்சம் பேர் கூட இல்லாத ஊரு அது, சொந்தமா ஒரு கிளப்பை நடத்துற அளவுக்கு வரிப்பணமும் ஸ்பான்சரும் அங்க கிடைக்குமாங்கிறது சின்னக் கேள்வி இல்ல. கிம்சோன் முன்னாடி குவாங்ஜு போன வழியும் இருக்கு, சாங்ஜு போன வழியும் இருக்கு.